சேற்றில் நான்கு நகக்குறி

பிப்ரவரி 2, திங்கள்

எடை 50.1. தண்ணீர் 700.

இந்த நோட்டு ஆஸ்பத்திரியில் போடச் சொன்னது. மனைவி தமயந்தியின் எடையையும், காபி ரசம் எல்லாம் சேர்த்து அவள் குடித்த தண்ணீரையும் தினமும் குறிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 700 மில்லிக்கு மேல் போகக் கூடாது. டயாலிசிஸ் முடிந்து இறங்கும்போது 48 கிலோவில் நிற்க வேண்டும். கவர்மெண்டு உத்தியோகத்தில் இருக்கிறவர், இதைக்கூட எழுதி வைக்கவில்லையா என்று நர்ஸ் கேட்டாள். இருபத்தொன்பது வருஷமாக வனத்துறைக்கு டைரி எழுதிக் கொடுக்கிறேன். எந்த வழியில் போனேன், எத்தனை கிலோமீட்டர், என்ன பார்த்தேன் என்று வாரத்துக்கு ஒரு முறை ரேஞ்சருக்குப் போகும். அதை யாரும் படிப்பதில்லை என்பது எழுதுகிறவனுக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

இரண்டு எண் எழுதினால் பக்கம் முடியவில்லை. பழக்கதோஷம், கை நிற்கமாட்டேன் என்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

போகும்போது 50.6, முடித்தபின் 48.2. தண்ணீர் 600.

நாலு மணிக்கு எழுந்து 5.10 பஸ். நாலு மணி நேரம் அவள் மெஷினில், நான் வராந்தா பெஞ்சில். முடிந்ததும் அவளுக்குப் பிரஷர் இறங்கிவிடுகிறது. என் தோளில் சாய்ந்துதான் பஸ் ஸ்டாண்டு வரை வருவாள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் இதுதான். மகள் ஓசூரில், அவளுக்கு அவள் பாடு. வேறு ஆள் கிடையாது.

ஆபீஸ் டைரியில் செவ்வாயும் வெள்ளியும் ‘நாற்றங்கால் பார்வை’ என்று எழுதுகிறேன். ரேஞ்சர் சுதர்சனத்துக்கு விஷயம் தெரியும், கண்டுகொள்ளமாட்டார். என்னைவிட இருபது வயது சின்னவர், நல்ல மனிதர். மலையில் பதினாறு வருஷம் புலி, சிறுத்தை, யானையோடு குப்பை கொட்டிவிட்டு, இவளுக்காகக் கெஞ்சிக் கூத்தாடி இந்தக் கடற்கரை நெடும்பட்டுக்கு மாற்றல் வாங்கினேன். இங்கே காடு என்றால் சவுக்குத்தோப்பு. மிருகம் என்றால் மயில், நரி, வேட்டியை மடித்துக்கொண்டு மரம் திருட வருகிற ஒன்றிரண்டு பேர். எனக்கு இது போதும்.

பிப்ரவரி 5, வியாழன்

எடை 49.4. தண்ணீர் 650.

இன்று எழுத ஒன்றுமில்லை. காலையில் ஏரிக்கரை வழியாகப் போனேன். திரும்பும்போது தார்ச்சாலையில் சுற்றிக்கொண்டு வந்தேன். கொல்லைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வாங்கிப் போட்டேன். பழையது துருப்பிடித்திருந்தது.

பிப்ரவரி 7, சனி

எடை 49.0. தண்ணீர் 700. தூக்கமில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

எடை 50.2. தண்ணீர் 700 என்று தமயந்தி எழுதியிருக்கிறாள்.

பத்து மணிக்கு ஆபீஸ் வாசலில் ஒரு பெண்பிள்ளை வந்து நின்றாள். பெயர் பூங்காவனம். இருளர். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஏரிக்கு மேற்கே சவுக்கு வெட்ட வந்திருக்கிற பதினோரு பேருக்கு இவள்தான் தலைமை மாதிரி. வெட்டு முடிகிறவரை தோப்புக்குள்ளேயே குடிசை. மகளும் கூட இருக்கிறாள், குழந்தை பிறந்து நாற்பது நாள்.

முந்தாநாள் பொழுது சாயும்போது மோட்டார் கொட்டகை வாய்க்காலில் சிறுத்தை தண்ணீர் குடித்ததைப் பார்த்தாளாம். காட்டுப்பூனையாக இருக்கும் என்றேன். அவள் வாதாடவில்லை. காட்டுப்பூனையைத் தான் பிடித்துத் தின்றிருப்பதாகச் சொன்னாள். அதை வனத்துறை ஆபீசில் நின்று சொல்லுகிறோமே என்று பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள்.

அவள் கேட்பது ஒன்றுதான். ஊர்க்கோடியில் அரசாங்கம் கட்டிய புயல் பாதுகாப்புக் கட்டடம் சும்மா பூட்டிக் கிடக்கிறது. ராத்திரிக்கு மட்டும் அங்கே படுக்க வேண்டும். பஞ்சாயத்து பிரசிடெண்டைக் கேட்டிருக்கிறாள். புயலே வராமல் இருளருக்குத் திறந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்றாராம். சிறுத்தைதான் என்று வனத்துறை எழுதிக் கொடுத்தால் சாவி தருவாராம்.

வந்து பார்க்கிறேன் என்று அனுப்பினேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

50.9, பிறகு 48.3. தண்ணீர் 650.

வராந்தா பெஞ்சில் இருக்கும்போது ரேஞ்சர் போன். யாரோ சொல்லி அவருக்கும் எட்டிவிட்டது. நாளை பதினோரு மணிக்கு நேரில் வருகிறார். குரலில் கோபம் இல்லை, அலுப்புதான்.

“அண்ணே, சிறுத்தைன்னு ஆயிடுச்சுன்னா கூண்டு, கேமரா, ராப்பகல் ரோந்து. பிடிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கும் லீவு கிடையாது. உங்க செவ்வா, வெள்ளியை என்னால காப்பாத்த முடியாது. பார்த்துக்குங்க.”

பார்த்துக்குங்க என்று சொன்னாரே தவிர, எதையும் செய்யச் சொல்லவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 11, புதன்

எடை 48.9. தண்ணீர் 700.

எட்டு மணிக்கே தோப்புக்குப் போய்விட்டேன். வாய்க்கால் ஓரம் சேற்றில் ஒரு தடத்தைப் பூங்காவனம் கூடையால் கவிழ்த்து மூடி, மேலே கல் வைத்திருந்தாள். ஆடு மிதிக்காமல் இருக்க. குடிசையில் எல்லாரும் வெட்டுக்குப் போயிருந்தார்கள், மகள் தண்ணீர் எடுக்கப் போயிருக்க வேண்டும். தூளியில் குழந்தை, பக்கத்தில் கட்டியிருந்த ஒரு செம்பட்டை நாய். தனியாகப் பார்த்துவிட்டுக் கூடையைத் திரும்ப மூடினேன்.

பதினோரு மணிக்கு ரேஞ்சர் வந்தார். பூங்காவனமும் வந்தாள். கூடையை எடுத்தோம். நகக்குறி நான்கும் தெளிவாக இருந்தது. பூனை இனம் நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும், நாய்க்குத்தான் நகம் பதியும். இது முதல் மாதப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பது. ரேஞ்சர் நகத்தைப் பார்த்தார், நிம்மதியாக மூச்சு விட்டார், வேறு எதையும் பார்க்கவில்லை. பாரிஸ் சாந்து கரைத்து ஊற்றி அச்சு எடுத்தோம். பெரிய நாய் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பூங்காவனம் குந்தி உட்கார்ந்து தடத்தையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தால் பேனா எழுதவில்லை. முனையில் சேறு காய்ந்து அடைத்திருந்தது. பேனாவை நாற்று நட எடுத்துக்கொண்டு போனீர்களா என்று தமயந்தி கேலி செய்தாள். வெந்நீரில் கழுவினேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

51.4, பிறகு 48.6. தண்ணீர் 650, 700, 650 என்று மூன்று நாளுக்கு இருக்கிறது. யார் நம்புவது?

மூன்று நாளில் மூன்று கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது. டாக்டர் நோட்டைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பஸ்ஸில் வரும்போது இவளைத் திட்டிவிட்டேன். உன் உயிரை வைத்துக்கொண்டு பொய்க்கணக்கு எழுதுகிறாயே என்று சத்தம் போட்டேன், முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நோட்டுக்கா தாகம் எடுக்குது?” என்றாள்.

டயாலிசிஸ் முடிந்து வருகிறவளைத் திட்டியிருக்கக் கூடாது. ராத்திரி நான் சாப்பிடவில்லை, அவளும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

எடை 49.6. தண்ணீர் 800. (உண்மை, என்று அவளே அடைப்புக்குறி போட்டிருக்கிறாள்.)

எந்த ஊரிலோ எடுத்த சிறுத்தைப் படம் ஒன்று நெடும்பட்டு ஏரி என்று போட்டு எல்லார் போனிலும் சுற்றுகிறது. அதன் பின்னால் பனிமலை தெரிகிறது. நெடும்பட்டில் பனிமலை எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வதந்தியை நிறுத்தச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு. ஜீப்பில் மைக்கைக் கட்டிக்கொண்டு நாலு தெரு சுற்றினேன். “பொதுமக்கள் அச்சப்பட வேண்டாம், அது நாயின் தடம் என்று வனத்துறை உறுதி செய்துள்ளது.” இருபது தடவையாவது சொல்லியிருப்பேன், தொண்டை கட்டிவிட்டது.

டீக்கடையில் அவளுக்குச் ‘சிறுத்தை பூங்காவனம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாராயத்தில் நாய்க்குப் புள்ளி முளைத்திருக்கிறது என்று ஒருவன் சொல்ல, கடையே சிரித்தது. அவள் குடிக்கிறவளா என்று எனக்குத் தெரியாது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

51.0, பிறகு 48.4. தண்ணீர் 750. தொண்டை இன்னும் சரியாகவில்லை.

பிப்ரவரி 18, புதன்

எடை 49.0. தண்ணீர் 750.

சாயங்காலம் பூங்காவனம் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் தமயந்தி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். தனக்கு ஊற்றிக்கொள்ளாமல் அவள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் புடைத்திருக்கிற டயாலிசிஸ் நரம்பைத் தொட்டுப் பார்க்கலாமா என்று பூங்காவனம் கேட்டாளாம். தொட்டுவிட்டு, உள்ளே வண்டு பறக்கிற மாதிரி இருக்குது என்றாளாம்.

என்னைக் கண்டதும் எழுந்து கொல்லைப்பக்கம் வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“சார், நாயி நடந்தா நடு விரல் ரெண்டுலயும் நகம் முன்ன தள்ளி ஆழமா குத்தும். ஓரத்து நகம் பட்டும் படாம இருக்கும். இதுல நாலும் ஒரே ஆழம். நடக்கற நகம் சாஞ்சி எறங்கும், இது மேலேர்ந்து நேரா எறங்கியிருக்குது. பாதத்து மெத்தையில பின்னால மூணு மடிப்பு இருக்குது, நாயிக்கு அது கெடையாது.” வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். “நான் யாரையும் காட்டிக் குடுக்க வரல சார். எனக்கு அந்தச் சாவி மட்டும் போதும். கைப்புள்ளக்காரிய வச்சிக்கிட்டு இருக்கிறேன்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, பிரசிடெண்டிடம் பேசுகிறேன் என்றேன். போகும்போது கதவின் புதுத் தாழ்ப்பாளை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். நல்லா கனமா இருக்குது சார் என்றாள்.

பிப்ரவரி 19, வியாழன்

எடை 49.9. தண்ணீர் 700.

பிரசிடெண்டைப் பார்த்தேன். வாயால் சொன்னால் ஆகாது, லெட்டர் வேண்டும் என்றார். சிறுத்தை என்று எழுத வழியில்லை. யோசித்து, தோப்பில் பாம்பு நடமாட்டம் அதிகம், ஆகவே தொழிலாளரை இரவில் கட்டடத்தில் தங்க வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தார். “ஏன் சார், பாம்பு பிடிக்கறதே அவங்கதான். அவங்களுக்குப் பாம்பு பயம்னு எழுதி எடுத்துட்டு வர்றீங்களே?”

இருபத்தொன்பது வருஷ சர்வீசில் இதைவிட முட்டாள்தனமாக ஒரு கடிதம் நான் எழுதியதில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். பூங்காவனத்திடம் போய்ச் சொல்லவும் தெம்பு இல்லை. நாளை வேறு வெள்ளிக்கிழமை.

பிப்ரவரி 20, வெள்ளி

51.2, பிறகு 48.1. தண்ணீர் 700.

மெஷினில் இருக்கும்போதே பிரஷர் எழுபதுக்கு இறங்கிவிட்டது. உள்ளே கூப்பிட்டார்கள். அவள் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்ததும், “பக்கத்துல இருக்கீங்களா?” என்றாள். இருக்கிறேன் என்றேன். நான் இல்லாத செவ்வாய்க்கிழமையை யோசித்துப் பார்க்கவே முடியவில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

நேற்று எழுதவில்லை.

நேற்று ஞாயிறு, ஆறரை மணி. இருட்டவில்லை. குடிசை வாசலில் சோறு வடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். சவுக்குக்குள்ளிருந்து வந்து, தூளிக்குப் பக்கத்தில் கட்டியிருந்த நாயைப் பிடித்திருக்கிறது. நாய் கயிற்றோடு இழுபட, தூளிக்கம்பு சாய, குழந்தை தரையில். பூங்காவனம் கொடுவாளோடு குறுக்கே போயிருக்கிறாள். அது நாயை விட்டுவிட்டு இவள் மேல் ஒரு அறை அறைந்துவிட்டு ஓடிவிட்டது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. தெய்வாதீனம் என்று எழுத வந்தேன். குறுக்கே போனது தெய்வம் இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது ஏழே முக்கால். நாங்கள் செவ்வாய், வெள்ளி போகிற அதே ஆஸ்பத்திரி. இடது தோளிலிருந்து முழங்கை வரை நான்கு கோடு, சமமான இடைவெளியில். டூட்டி டாக்டர் சின்னப் பெண். என்ன மிருகம் என்று ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், சொல்லுங்கள் என்றாள். பூங்காவனம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“சார் நிக்கறாரு இல்ல, அவரையே கேளுங்க. அவரு நாயின்னு எழுதியிருக்கிறாரு. நாயின்னே எழுதிக்குங்க.”

கிண்டல் இல்லை. வலி தாங்காமல் சீக்கிரம் முடித்துக்கொள்ளச் சொன்னாள். டாக்டர் காயத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “நாயா?” என்றாள். விசாரணையில் இருக்கிறது என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது. ‘மிருகம்’ என்று மட்டும் எழுதினாள்.

இன்று காலை ரேஞ்சர் பேசினார். அச்சு நம்மிடம் இருக்கிறது, அதில் நகம் இருக்கிறது, இரண்டு கையெழுத்து இருக்கிறது. வெறிநாய் என்று முடித்தால் எல்லாருக்கும் நல்லது, எதுவானாலும் போடுகிற ஊசி ஒன்றுதான் என்றார். நாளை மதியத்துக்குள் அறிக்கை வேண்டுமாம்.

எடை பார்க்க மறந்துவிட்டோம்.

பிப்ரவரி 24, செவ்வாய்

51.6, பிறகு 48.5. தண்ணீர் 800.

மெஷினில் போட்டபின் தமயந்தி நோட்டைக் கேட்டாள். எண்களைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். முதல் பக்கத்திலிருந்து, ஏற்கெனவே மனப்பாடம் ஆனவள் மாதிரி, வாசித்துக்கொண்டே வந்தாள். இவள் தினமும் வாசிக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்ட பூனை நான்தான்.

“தாழ்ப்பாளை அஞ்சாம் தேதி போட்டீங்க,” என்றாள். “பூங்காவனம் ஒன்பதாம் தேதிதானே வந்தா?”

அவள் நோட்டை மூடி என் மடியில் வைத்தாள்.

“என்னால எழுதுனேன்னு மட்டும் எங்கேயும் எழுதிடாதீங்க. அதை என் தலையில வைக்காதீங்க.”

வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். அதில் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன், ஆபீஸ் தாள் காணாமல் போகக்கூடியது.

பிப்ரவரி 5, வியாழன், காலை ஆறரை மணிக்கு ஏரிக்கரையில் வளர்ந்த ஆண் சிறுத்தை ஒன்றைப் பார்த்தேன். முப்பதடி தூரம். பதினாறு வருஷம் பார்த்த மிருகம், சந்தேகத்துக்கு இடமில்லை. அது என்னைப் பார்த்துவிட்டுச் சவுக்குக்குள் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக் கதவை மட்டும் பலப்படுத்திக்கொண்டேன். 11-ம் தேதி தடத்தில் இருந்த நகக்குறி நான்கும் என் பேனாவால் நான் குத்தியவை. ரேஞ்சருக்கு அது தெரியாது. பூங்காவனம் என்ற பெண் சொன்னது அத்தனையும் உண்மை.

காரணம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

கையெழுத்துப் போட்டு, மாடியில் பெண்கள் வார்டுக்குப் போனேன். பூங்காவனத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உரக்க வாசித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டார்கள். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “அஞ்சாம் தேதியேவா?” என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நகத்தைத்தான் அவள் கண்டுபிடித்திருந்தாள். இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

எடை 50.0. தண்ணீர் 850.

நேற்று மாலையே புயல் கட்டடத்தைத் திறந்துவிட்டார்கள். பிரசிடெண்டே பாய் கொண்டுவந்து போட்டாராம். இரண்டு கூண்டு, ஆறு கேமரா வந்திருக்கிறது. எனக்கு மெமோ வந்திருக்கிறது. விசாரணை முடிகிறவரை கூண்டுப் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. கூண்டில் கட்டுகிற ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவது என் வேலை. ரேஞ்சர் என்னோடு பேசுவதில்லை, அது நியாயம்தான். டீக்கடையில் பெயரை மாற்றிவிட்டார்கள். ‘நாய் பாரஸ்டர்’.

பிப்ரவரி 27, வெள்ளி

எடை 50.8. தண்ணீர் 900. இரண்டும் தமயந்தி எழுதியது. இரண்டும் சரி.

ஒரு மணி நேரம் அனுமதி கேட்டுக்கொண்டு அவளை 5.10 பஸ்ஸில் ஏற்றிவிட வந்தேன். முடிந்ததும் உடனே எழுந்திருக்காதே, அரை மணி நேரம் படுத்திரு, யாரையாவது கையைப் பிடித்துக்கொள்ளச் சொல் என்று நூறு தடவை சொன்னேன். சரி சரி என்றாள். முதல் முறையாகத் தனியாகப் போகிறாள்.

புயல் கட்டடத்துப் பக்கமிருந்து பூங்காவனத்தின் மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அம்மாவைப் பார்க்கப் போகிறாள். பஸ்ஸில் இடம் ஒன்றுதான் இருந்தது. தமயந்தி உட்கார்ந்து குழந்தைக்காகக் கையை நீட்டினாள். அந்தப் பெண் ஜன்னல் வழியாக என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு குழந்தையை அவளிடம் கொடுக்காமல், தானே வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனாள்.